சீலன் நிரப்பாமல் விட்ட இடம்

மருதனார்மடம் சந்தையில் வாழைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த முச்சக்கரவண்டி வந்தது. எங்கள் பக்கத்தில் மரணச் செய்தி ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கரவண்டியில்தான் ஊர் சுற்றும். குரல் சந்தை இரைச்சலுக்கு மேலே தெளிவாக நின்றது. ஆனால் காதில் அறையவில்லை. நல்ல ஒலியமைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பெயர் பிறகுதான் காதில் விழுந்தது. குருநகரைச் சேர்ந்த அந்தோனிப்பிள்ளை ஜெயசீலன், எங்கள் சீலன், ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். அவருடைய மரணத்தை அவருடைய ஒலிபெருக்கியே அறிவித்துக்கொண்டு போனது.

"தெரிஞ்ச ஆளோ ஐயா?" என்று வாழைக்காய் விற்ற பெண் கேட்டார்.

"ஓம், கொஞ்சம்," என்றேன். ஏன் 'கொஞ்சம்' என்று சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு கலியாண மண்டபத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தவர் களைப்பாக இருக்கிறதென்று கதிரையில் இருந்திருக்கிறார். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லி அவருடைய மனைவி மற்றில்டா கேட்டபோது நான் தயங்கினேன். சீலனோடு பாடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியன், இசை தெரியாதவன். அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"பாட்டுக்காரப் பெடியள் எல்லாரும் அழுது அழுது எழுதித் தந்திருக்கினம் சேர். நீங்கள் விசயத்தை எழுதுங்கோ. அவரின்ரை அந்தப் பாட்டு அல்பம் எப்பிடி அவ்வளவு தூரம் போனது எண்டு எல்லாரும் என்னட்டைக் கேக்கினம். எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

எனக்கும் தெரியுமா என்பது சந்தேகம். கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதை வாசிக்கும் நீங்கள் அவரை அறிந்தவர்கள்; பிழை இருந்தால் திருத்துவீர்கள்.

சீலனை நான் முதலில் சந்தித்தது ஒரு முறைப்பாட்டோடு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் திருவிழா. கூம்பு ஒலிபெருக்கி ஒன்று என் அறை யன்னலை நேராகப் பார்த்து நின்றது. சொல்வதா விடுவதா என்று திருவிழாவின் பாதிவரை யோசித்துவிட்டு, சொல்லவேண்டிய வசனங்களை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன்.

"தம்பி, ஒரு சின்ன விசயம். உந்தக் குழாய் இந்தப் பக்கம் பாக்கத்தான் வேணுமோ? வேணுமெண்டா பரவாயில்லை. மற்றப் பக்கம் திருப்பினா ஆக்களுக்குக் கேக்காதோ? கேக்கும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா உங்களுக்குத்தான் தெரியும்."

ஏணியில் நின்றவர் கீழே பார்த்துச் சிரித்தார். "நீங்கள் படிப்பிச்சனீங்கள் எல்லோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"கேள்வியும் நீங்கள், மறுமொழியும் நீங்கள். பிறகென்னத்துக்கு சேர் என்னட்டை வந்தனீங்கள்?"

சொல்லிக்கொண்டே குழாயைத் திருப்பிவிட்டார். திருவிழா முடிந்த அடுத்த வாரம் அவரே என் வீட்டுப் படலையைத் தட்டினார். ஒரு தேவாலய மண்டபத்தில் எதிரொலி அடங்கவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். சில ஒலிபெருக்கிப் பெட்டிகளின் திசையை மாற்றினோம். பலன் ஓரளவுதான். ஆனாலும் அதன்பின் அவர் அடிக்கடி வரத் தொடங்கினார்.

தான் ஒரு ஹிப்ஹொப் அல்பம் செய்யப்போவதாக அவர் சொன்னபோது, தாளத்தின்மேல் வேகமாகப் பேசுவது என்ற அளவில்தான் நான் அந்தச் சொல்லை விளங்கி வைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

"பேசுறதில்லை சேர், கதைக்கிறது. நாங்கள் பிறந்ததிலையிருந்து செய்யிற வேலைதான். தாளம் மட்டும்தான் புதுசு."

தாளமும் அப்படியொன்றும் புதிதல்ல. அவருடைய பழைய ஜெனரேற்றர் ஒரு சீரான இடைவெளியில் தட்டித் தட்டி ஓடும். அதைப் பதிவுசெய்து அதன்மேல்தான் முழு அல்பத்தையும் கட்டினார். பெயர் 'கயிறு'. தன் விருப்பத்தை அவர் பலமுறை ஒரே மாதிரித்தான் சொன்னார்: "எங்கடை ஒழுங்கையிலை கதைக்கிற கதை ஒழுங்கைக்கு வெளியிலை போகவேணும். உடுப்பு மாத்தாமல் போகவேணும்." பாடும் ஆசையுள்ள எவருக்கும் இந்த இரண்டில் முதலாவது, தன் சின்னத் தெருவைத் தாண்டிப் போவது, இருக்கும். இரண்டாவதையும், பேச்சை மாற்றாமல் போவதையும், சேர்த்துக் கேட்டதில்தான் அவருடைய சிக்கல் எல்லாம் தொடங்கியது.

கரைவலை இழுப்பவர்கள் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் முன்னடி சொல்வார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் பின்னடி சொல்லி இழுப்பார்கள். சீலன் தன் பாட்டுகளை அப்படி அமைத்தார். அவர் கதைத்துக்கொண்டு வந்து ஒரு கேள்வியில் நிறுத்துவார். பிறகு நாலு தட்டு. அந்த நாலு தட்டுக்குள் பின்னடி வரவேண்டும். பின்னடி சொல்லச் சவரியண்ணையையும் அவருடைய கூட்டாளிகளையும் அழைத்திருந்தார். சவரியண்ணை சீலனின் தாய்மாமன். இளவயதில் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவர். பதிவு நடந்தது ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கும் அறையில். நான் ஒரு மூலையில் இருந்தேன்.

பின்னடி சரியாக வரவில்லை. மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல் இருந்தது. சீலன் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் சவரியண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"கயிறில்லாமல் எப்பிடியடா அம்பா வரும்? கை சும்மா இருக்கேக்கை வாய் மட்டும் என்னத்தை இழுக்கிறது?"

ஆகவே கயிறு கொண்டுவந்தார்கள். எதில் கட்டுவது? ஒழுங்கையில் நின்ற சீலனின் சிறிய லொறியில் கட்டினார்கள். கைப்பிறேக் போட்டிருக்கிறது, அசையாது என்று சீலன் உறுதி சொன்னார். ஒலிவாங்கியை வெளியே வைத்துவிட்டு, முதியவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். நான் பின்வாங்கி மதிலோடு நின்றேன். அசையாத ஒன்றை அவர்கள் இழுப்பதில் எனக்கு ஏதோ நம்பிக்கை வரவில்லை. ஆனால் சொல்லத் துணிவும் வரவில்லை.

முதல் இழுவையிலேயே குரல் மாறியது. என் முதுகு சிலிர்த்தது என்று எழுதலாம், அது உண்மை. இரண்டாவது இழுவையில் இன்னும் திறமாக வந்தது. மூன்றாவதில் லொறி வந்தது. ஒலிவாங்கியைத் தள்ளிக்கொண்டு, இழுத்தவர்களைத் துரத்திக்கொண்டு, எதிர்வீட்டு வேலிக்குள் போய் நின்றது. அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து சொன்னவற்றை இந்த மலரில் எழுத முடியாது. சவரியண்ணை மண்ணில் இருந்தபடி, "வலையெண்டா மீனாவது வந்திருக்குமடா," என்றார். அதன்பிறகு ஒருவராலும் சிரிக்காமல் எதையும் பாட முடியவில்லை.

நன்றாக வந்த இரண்டு இழுவை ஒரு பாட்டுக்குக்கூடப் போதாது; பதிவில் மிச்சமெல்லாம் "பிறேக்! பிறேக்!" என்ற கூச்சல்தான். பின்னடிக்கான இடங்களை அப்போதைக்கு வெறுமையாக விட்டுவிட்டு, சீலன் தன் குரலை மட்டும் முடித்து வைத்தார். வேறொரு நாள் நிரப்புவதாக எண்ணம். அதற்குள் கடற்கரை விளையாட்டுத்திடலில் அல்பத்தை வெளியிடும் மாலை வந்துவிட்டது.

அன்று போட்ட முதல் பாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

கரையிலை நிண்டவன் கடலைச் சொல்லுவான்
கடலுக்கை போனவன் கரையைச் சொல்லுவான்
நான் ஆரைச் சொல்ல?

பிறகு ஜெனரேற்றரின் நாலு தட்டு. வெறும் தட்டு. சீலன் மேடையோரத்தில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். உடைந்த பல்லோடு படம் எடுக்க நிற்பவரைப் போல. முதல் தடவை சனம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "எங்களைச் சொல்லடா!" என்றது. மூன்றாம் தடவை திடல் முழுவதும் அதையே சொன்னது. அடுத்த பாட்டில் கேள்வி முடியுமுன்பே மறுமொழி தயாராக நின்றது.

அன்றே சீலன் தீர்மானித்துவிட்டார். "அந்த இடத்தை இனி நான் தொடமாட்டன் சேர்," என்றார். லொறி செய்த பிழையை அவர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்லலாம்.

ஆனால் இது குருநகர்த் திடல். அங்கே மறுமொழி சொன்னவர்கள் அவருடைய மச்சான்களும் மாமிகளும். ஒழுங்கைக்கு வெளியே பாட்டு இன்னும் போகவில்லை. அதற்கு ஒரு வழி வந்தது. சென்னையிலுள்ள ஓர் இசை நிறுவனம் பாட்டைக் கேட்டுவிட்டு அழைத்தது. அழைப்பு வந்தபோது சீலன் என் வீட்டில் இருந்தார். நானும் கேட்கட்டும் என்று தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"ப்ரதர், மேட்டர் சூப்பர். ரெண்டே ரெண்டு விஷயம்தான். அந்த கேப் இருக்கு பாருங்க, அதுல ஜனங்க ஸ்கிப் பண்ணிடுவாங்க. ஒரு நல்ல கோரஸ் போட்டு நாங்களே ஃபில் பண்ணிடறோம். அப்புறம் அந்த ஸ்லாங்கு. 'நிண்டவன்', 'கடலுக்கை' எல்லாம் இங்க யாருக்கும் புரியாது. கொஞ்சம் பொதுவா மாத்திக்கலாம். நீங்க ஓகேன்னா உலகம் பூரா போயிடும்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சீலன் என்னைப் பார்த்தார். "என்ன சேர் செய்வம்?"

நான் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். மறுத்தால் அல்பம் இந்தக் கரையோடு நிற்கும். இணங்கினால் கொஞ்சம் மாறி எல்லா இடமும் போகும். மாறாத ஒன்று ஒருவரையும் எட்டாமல் இருப்பதைவிட, மாறிய ஒன்று பலரை எட்டுவது மேல் என்று எனக்குப் பட்டது. இணங்கச் சொன்னேன். காரணங்களோடு, விரிவாகத்தான் சொன்னேன்.

சீலன் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நீங்கள் சொல்லுறது சரி சேர். ஆனா அவையள் அங்கை கொண்டுபோய் விக்கப்போறது என்ரை பாட்டை இல்லை. என்ரை பாட்டுக்குத் தாங்களே எழுதின மறுமொழியை," என்றார். மறுநாள் முடியாது என்று அறிவித்துவிட்டார்.

அதன்பிறகு நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. இதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. அவர் பாட்டுகளை இணையத்தில் போட்டார், பஸ் சாரதிகளுக்குக் கொடுத்தார், தன் ஒலிபெருக்கிகளில் கலியாணங்களின் இடைவேளையில் போட்டார். மணமகன் வீட்டார் ஒருமுறை நிறுத்தச் சொன்னார்கள். மற்றில்டா கேலி செய்வார்: "உலகம் பூராவும் போகவேண்டியது பக்கத்திலை இருக்கிற உரும்பிராய் மட்டும் போயிருக்கு." சீலன் சிரிப்பார். ஆனால் அந்தக் காலத்தில் என் வீட்டுக்கு வருவது குறைந்தது. என் ஆலோசனையை நினைவூட்டிவிடுவேனோ என்று நினைத்தாரோ, நான்தான் அப்படி நினைத்தேனோ தெரியாது.

பிறகு ஒரு மழைநாளில் நனைந்துகொண்டு வந்தார். தொலைபேசியை என் கையில் தந்து, "கேளுங்கோ," என்றார். மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இரண்டு பெண் பிள்ளைகள் அவருடைய பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். "நான் ஆரைச் சொல்ல?" என்று சீலன் கேட்கிறார். அந்த நாலு தட்டுக்குள், "கொழுந்தெடுத்த எங்கம்மாவச் சொல்லு!" என்கிறார்கள். முதலில் ஒருத்தி, பிறகு இருவரும், பிறகு காணொளியில் முகம் தெரியாத பலர்.

மட்டக்களப்பிலிருந்து வந்தது குறும்பு. அங்குள்ள இளைஞர்கள் "கேட்டவன் ஆரு, அவனச் சொல்லு!" என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள். கனடாவிலிருந்து வந்ததில் ஒரு பெடியன், தமிழ் கொஞ்சம் தடுக்க, "குளிருக்கை பஸ்ஸுக்கு நிக்கிற அப்பாவைச் சொல்லு," என்றான். சீலன் அதை ஒருமுறைதான் எனக்குப் போட்டுக் காட்டினார். மறுபடி போடச் சொன்னேன். "ஒருக்கால் கேட்டது காணும் சேர்," என்று தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

நான் கவனித்தது இதற்குப் பிறகு நடந்ததை. அந்த மலையகப் பிள்ளைகள் சொந்தமாக ஓர் அல்பம் செய்தார்கள். அதில் குருநகர்ப் பேச்சு இல்லை, கடல் இல்லை, ஜெனரேற்றர் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துச் சத்தங்களும் அவர்களுடைய பேச்சும்தான். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு கேள்வியும், ஆளில்லாத ஓரிடமும் இருந்தன. அவர்களில் ஒருத்தி சீலனோடு கதைத்தபோது சொன்னாளாம்: "அண்ணே, ஒங்க பாட்டுல பாதிச் சொல்லு எங்களுக்குப் புரியல. ஆனா நீங்க ஒங்க பேச்ச மாத்தாம பாடினதக் கேட்டப்பதான் எங்க பேச்சையும் மாத்த வேணாம்னு தோணுச்சு."

மற்றில்டா கேட்ட விசயத்துக்கு வருகிறேன். ஓர் அல்பம் பல ஊர்களில் கேட்கப்படுவது வேறு, பல ஊர்களை ஏதாவது செய்யத் தூண்டுவது வேறு. சினிமாப் பாட்டு எல்லா ஊருக்கும் போகிறது; அடுத்த பாட்டு வந்ததும் சுவடில்லாமல் மறைகிறது. 'கயிறு' அவ்வளவு பேரை எட்டவில்லை. எட்டிய இடத்தில் யாராவது ஒருவர் வாய் திறந்தார். அதற்கு மொழி காரணமல்ல. பாதிச் சொல் புரியவில்லை என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டது. தாளமும் அல்ல, அதைவிட நல்ல தாளங்கள் இருக்கின்றன. ஆகவே அந்த வெறுமையான நாலு தட்டுத்தான் காரணம் என்று முடிவு செய்து, பெருமையோடு சீலனிடம் சொன்னேன்.

அவர் தலையாட்டவில்லை. "அப்பிடியெண்டா இப்ப வாற பாட்டெல்லாத்திலையும் இடம் விடுறாங்கள் சேர். ஏன் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை?"

உண்மைதான். அவரைப் பார்த்துச் சிலர் அப்படிச் செய்திருந்தார்கள். அந்த இடங்கள் வெறுமையாகவே கிடந்தன. என் முடிவு அதோடு உடைந்தது. காரணத்தை அவரிடமே கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மறுமொழி தெரிஞ்சவன் இடம் விட்டா அது சோதினைப் பேப்பர் சேர். ஆரும் பயந்துதான் எழுதுவினம். எனக்கு உண்மையிலை தெரியாது, ஆரைச் சொல்லுறதெண்டு. அதுதான் கேட்டனான்."

முப்பது வருடங்களுக்கு மேல் பரீட்சைகளுக்குச் சோதனைத்தாள் தயாரித்தவன் நான்.

அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பற்றி, அங்கு வராதவர்களுக்காக எழுதவேண்டும். உடலை வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு எடுக்கும் நேரம். முன்னால் அவருடைய லொறி, அதே லொறி, ஒலிபெருக்கிகளோடு நின்றது. அவரிடம் வேலை செய்தவர்கள் அந்தப் பாட்டைப் போட ஆயத்தமானபோது உறவினரான ஒரு பெரியவர் தடுத்தார்.

"செத்தவீட்டிலை ராப்போ? மாதாவே! ஊர் என்ன சொல்லும்?"

மற்றில்டா அழுத முகத்தோடு திரும்பினார். "பெரியப்பா, சவத்துக்கு முன்னாலை பாண்ட் அடிக்கேக்கை மாதா ஒண்டும் சொல்லேல்லை. இதுக்கும் சொல்லமாட்டா. போடுங்கோடா."

பாட்டு தொடங்கியது. நாங்கள் ஒழுங்கையில் மெல்ல நடந்தோம். "நான் ஆரைச் சொல்ல?" என்று சீலனின் குரல் கேட்டது. நாலு தட்டு. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. குருநகரில் அந்த இடம் வெறுமையாகப் போனது, திடலில் முதன்முதல் போட்ட பிறகு அன்றுதான் என்று நினைக்கிறேன். எப்போதும் சனத்தின் கூச்சலில் மூடிப்போகும் ஒன்று எனக்கு அப்போது கேட்டது. அந்த இடம் உண்மையில் வெறுமையாக இல்லை. ஜெனரேற்றர் தட்டுகளுக்கு இடையில் சீலன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்; மறுமொழிக்காக. மூச்சை விடும் ஓசை பதிவில் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இரண்டாம் தடவையும் மௌனம்தான். யாரோ விம்மியது மட்டும் கேட்டது.

மூன்றாம் தடவை கேள்வி வந்தபோது சவரியண்ணை நின்றார். நடக்கவே கைத்தடி தேவைப்படும் மனிதர். தடியை இரண்டு கையாலும் பிடித்து, வடத்தைப் பிடிப்பதுபோல் தன் பக்கம் இழுத்தார். "உன்னைச் சொல்லடா, மருமோனே!" என்றார். அடுத்த தடவை ஒழுங்கை முழுவதும் இழுத்தது. "உன்னைச் சொல்லடா!" பெரியப்பாவும் சொன்னார்.

நானும் சொன்னேனா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. அத்தனை காலத்தில் ஒருமுறைகூட நான் அந்தப் பின்னடியைச் சொன்னதில்லை. கூட்டத்தில் குரல் எழுப்பும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் எனக்கு முன்னால் நடந்தவர் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆகவே சொல்லியிருக்க வேண்டும்.

சீலனிடமிருந்து நான் கற்று வைத்திருப்பது ஒன்றுதான்: கேட்டுவிட்டுக் காத்திருப்பது. இந்த வயதில் அது சுலபமாக வரவில்லை. போன கிழமை என் மனைவியிடம், "பின்னேரம் என்ன செய்வம்?" என்று கேட்டேன். வழக்கமாக அடுத்த வசனமும் என்னுடையதாகவே இருக்கும்: வெய்யிலாக இருக்கிறது, வீட்டிலேயே இருப்போம் என்று. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"என்ன, நிண்டு பாக்கிறியள்? சுகமில்லையோ?" என்றாள்.

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"குருநகருக்கு ஒருக்கால் போட்டு வருவம். அந்தப் பிள்ளை மற்றில்டாவை, சீலன் போனதுக்குப் பிறகு நான் இன்னும் பாக்கேல்லை எல்லோ."

அந்த மறுமொழி என்னிடம் இருக்கவில்லை.